வேட்டைத் தோட்டாவும் இஹ்ஸானும்

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். அவருடைய மகன் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கின்றார். அங்குள்ள நண்பர்கள் சிலர் நீல்காய் என்னும் பெரிய மான் இனத்தை வேட்டையாடிக் கறியைப் பங்கிட்டுக்கொள்கின்றார்களாம். தாமும் ஒரு துப்பாக்கி வாங்க எண்ணியிருக்கும் மகன், எந்தத் தோட்டா போதும், எது அதிகம் என்று நண்பர்களோடு மாதக்கணக்கில் விவாதித்துக்கொண்டிருக்கின்றாராம். "என் மகன் தோட்டாவைப் பற்றித்தான் பேசுகிறானே தவிர, அந்தக் கறி ஹலாலா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று முடிகின்றது அக்கடிதம்.

தாயின் கவலை நியாயமானது. ஆயினும் மகன் கேட்கும் கேள்வியும் மார்க்கத்திற்கு வெளியே நிற்கும் கேள்வியன்று. எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்பது கடைக்காரரிடம் கேட்டு முடித்துவிடும் காரியம்போல் தோன்றலாம். உண்மையில் அதற்குள் ஹலால், ஹராம் என்னும் வினா இருக்கின்றது. அதற்கும் ஆழத்தில், ஓர் உயிரை எடுக்கும்போது நாம் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும் என்னும் வினாவும் இருக்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்தே இங்குச் சிந்திப்போம்.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்தியாவில் வேட்டை என்பது பொழுதுபோக்காக அனுமதிக்கப்பட்ட ஒன்றன்று. ஆகவே இக்கட்டுரை, சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் வாழும் நம்மவர்களைக் கருதியே எழுதப்படுகின்றது.

நம் நாட்டு விலங்கு, அந்நிய மண்ணில்

டெக்ஸாஸில் 'அந்நிய வேட்டை விலங்குகள்' என்று அழைக்கப்படுபவற்றுள் முக்கியமானவை நம் நாட்டைச் சேர்ந்தவையே. நீல்காய், புள்ளிமான், வெளிமான் ஆகிய மூன்றும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிறந்தவை. புள்ளிமானும் வெளிமானும் 1932-ஆம் ஆண்டில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டன. நீல்காய் 1920-களிலும் 1930-களிலும் தென் டெக்ஸாஸிலுள்ள கிங் ராஞ்ச் என்னும் மாபெரும் கால்நடைப் பண்ணையில் விடப்பட்டு, அங்கிருந்து பெருகியது. இன்று அது மாடுகளுக்குக் காய்ச்சல் பரப்பும் உண்ணியைச் சுமந்து திரிகின்றது என்பதால், அரசாங்கமே அதன் எண்ணிக்கையைக் குறைக்க முற்படுகின்றது.

மாட்டினத்தோடு உறவுடைய இவ்விலங்கு புல்லும் தழையும் தின்பது, உண்பதற்கு ஆகுமானது. வளர்ந்த கடா 200 முதல் 270 கிலோ வரை எடையிருக்கும். தோல் தடித்தது, கடாவின் கழுத்தும் மார்பும் கேடயம்போல் கனத்த தோலால் மூடப்பட்டவை. இதயமும் நுரையீரலும் உடலின் முன்புறத்தில், தாழ்வாக, முன்னங்கால் சப்பையின் மறைவில் இருக்கின்றன. சற்றுப் பின்னே குறி தவறினால் குண்டு இரைப்பையைக் கிழிக்கும். அவ்வாறு அடிபட்ட விலங்கு உடனே சாகாது. முள் அடர்ந்த புதருக்குள் ஓடி மறையும். தோல் தடிப்பால் இரத்தமும் அதிகம் சிந்தாததால் தடம் பிடிப்பது கடினம். எங்கோ ஒரு புதரடியில் மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

மகனின் தோட்டா விவாதம் இங்கேதான் தொடங்குகின்றது. அவர் அறிந்தோ அறியாமலோ கேட்பது, "இந்த விலங்கைத் துடிக்கவிடாமல் கொல்ல எது போதும்?" என்பதே.

இஹ்ஸான் எனும் கடமை

அல்லாஹ் எல்லாக் காரியங்களிலும் இஹ்ஸானை, அதாவது செம்மையாகச் செய்தலை விதித்திருக்கின்றான் என்றும், கொன்றாலும் செம்மையாகக் கொல்ல வேண்டும் என்றும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்குச் சுகமளிக்க வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்த செய்தியை ஷத்தாது இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்த ஹதீதை நம் வீட்டுக் குர்பானி நாளில் ஆலிம்கள் நினைவூட்டக் கேட்டிருக்கின்றோம்.

கத்தியைத் தீட்டுவது அறுப்பவர் மீதுள்ள கடமையாயின், தோட்டாவைத் தேர்வது வேட்டையாடுபவர் கத்தி தீட்டும் செயலாகும். மழுங்கிய கத்தியோடு ஆட்டின் கழுத்தில் உட்காருபவரை நாம் கண்டிப்போம். போதாத தோட்டாவோடு 250 கிலோ விலங்கைக் குறிபார்ப்பவரும் அவரையொத்தவரே. வித்தியாசம் ஒன்றுதான். மழுங்கிய கத்தியின் கொடுமையை ஊரார் பார்க்கின்றார்கள். போதாத தோட்டாவின் கொடுமை 200 மீட்டருக்கு அப்பால், புதருக்குள், யாரும் காணாமல் நடக்கின்றது.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் பொடிக்கல் எறிந்துகொண்டிருந்த ஒருவரைத் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, பகைவனையும் காயப்படுத்தாது. பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும், அவ்வளவே என்று நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்திருந்ததை எடுத்துரைத்தார்கள். காரியத்தையும் முடிக்காமல் ஊனத்தை மட்டும் உண்டாக்கும் கருவி வெறுக்கத்தக்கது என்னும் அளவுகோல் இதில் நமக்குக் கிடைக்கின்றது.

எது போதும்?

இனி, தோட்டாக்களைச் சற்றுப் பார்ப்போம். 223 ரெமிங்டன் என்பது சிறு தோட்டா. அதன் குண்டு ஏறக்குறைய 3.6 கிராம், குழலை விட்டு வெளிப்படும்போது அதன் ஆற்றல் சுமார் 1,700 ஜூல். 1906-ல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட 30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவில் 11.7 கிராம் குண்டு வைத்தால், அது நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில், சுமார் 3,900 ஜூல் ஆற்றலோடு புறப்படும். 1963-ல் வந்த 300 வின்செஸ்டர் மேக்னம் அதற்கும் மேலே நிற்பது. 1912-ல் இங்கிலாந்தில் தோன்றிய 375 ஹாலந்து அண்டு ஹாலந்து 19 கிராமுக்கு மேற்பட்ட குண்டைச் சுமார் 5,800 ஜூல் ஆற்றலோடு செலுத்துகின்றது. காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு இதைவிடக் குறைந்ததைப் பயன்படுத்தலாகாது என்பது ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களிடையே வழக்கம்; சில நாடுகளில் அது சட்டமாகவும் இருக்கின்றது.

நீல்காய்க்கு முதலாவது போதாது. இரண்டாவது, தகுந்த குண்டோடும் தகுந்த தூரத்திலும், போதும். மூன்றாவதைப் பலர் விரும்புகின்றனர். நான்காவது தேவைக்கு மிஞ்சியது.

ஆனால் எண் மட்டும் முடிவு செய்வதில்லை. குண்டு எவ்வாறு செய்யப்பட்டது என்பதும் உண்டு. மெல்லிய உறையுள்ள குண்டு கனத்த சப்பை எலும்பில் பட்டதும் நொறுங்கி, மேலே ஒரு பெரும் புண்ணை உண்டாக்கிவிட்டு உயிர்நிலையை எட்டாமல் நின்றுவிடும். முழுதும் கெட்டி உறையிட்ட குண்டோ, ஊசிபோல் உட்புகுந்து மறுபுறம் போய்விடலாம். உள்ளே சென்று அளவோடு விரிந்து, ஆழமாகப் பாய்ந்து இரத்தக் குழாய்களை அறுக்கும் குண்டே இவ்வேலைக்கு உரியது.

ஈயக் குண்டு உடலுக்குள் துகள்களாகச் சிதறி, புண்ணிலிருந்து தள்ளியுள்ள கறியிலும் தங்குவதைக் கதிர்ப்படங்கள் காட்டியுள்ளன. ஈயம் குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு. கலிஃபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றாகத் தடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பரிமாறும் கறியைத் தேடுவோர் செம்புக் குண்டை நாடுவது அறிவுடைமை.

அப்படியாயின் மிகப் பெரிய தோட்டாதான் மிகப் பெரிய இரக்கமா? இல்லை. 375-இன் பின்னுதைப்பு 30-06-ஐவிட ஏறக்குறைய இருமடங்கு. தோளில் விழும் அந்த இடிக்கு அஞ்சுபவர், விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்வார், கை துள்ளும், குறி தவறும். இரக்கத்திற்காக வாங்கிய பெரிய தோட்டா, இரைப்பையில் பட்டுக் கொடுமையாக முடியும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டபிள்யூ. டி. எம். பெல் என்னும் வேட்டைக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரம் யானைகளுக்குமேல் கொன்றவர். அவற்றுள் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் சிறு துப்பாக்கியாலேயே வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை இருக்குமிடத்தை ஆராய்ந்து கற்றிருந்ததே காரணம். தந்தத்திற்காக அத்தனை உயிர்களை மாய்த்ததை நாம் போற்றவில்லை. அவருடைய அறிவும் கையும் இல்லாதவர்கள் சிறு தோட்டாவை அவரைக் காட்டி நியாயப்படுத்தவும் இயலாது. ஆனால் ஓர் உண்மை அதில் உண்டு. தோட்டாவின் கனம், அதை ஏவுபவரின் பயிற்சிக்கும் நேர்மைக்கும் ஈடாகாது. ஆகவே, விலங்குக்குப் போதுமானவற்றுள் தம்மால் பிசகாமல் சுடக்கூடியது எதுவோ அதுவே அவருக்கு உரிய தோட்டா. அந்தப் பயிற்சியைக் காகிதக் குறியில் செய்துகொள்ளட்டும். உயிருள்ளதைக் குறிப்பலகையாக்குவதை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கின்றார்கள்.

இரண்டு கடமைகள் மோதும் இடம்

இதுவரை வழி தெளிவு. இனிமேல்தான் சிக்கல்.

அதிய்யு இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் மிஃராள் என்னும் எறிகோலைப் பற்றிக் கேட்டபோது, அது கூர்முனையால் துளைத்திருந்தால் உண்ணலாம், அகலப் பக்கத்தால் மோதிக் கொன்றிருந்தால் அடிபட்டுச் செத்ததாகும், உண்ணலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இச்செய்தியே வேட்டைச் சட்டத்தின் அச்சாணி. துப்பாக்கிக் குண்டு துளைக்கின்றதா, மோதுகின்றதா?

ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னு ஹஜர் ஹைத்தமீ (ரஹ்) அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 974) தம் துஹ்ஃபாவில், நெருப்பால் ஏவப்படும் குண்டைக் கொண்டு வேட்டையாடுவதைத் தடுத்தார்கள். அது பெரும்பாலும் விரைந்து கொன்றுவிடும் என்பதே காரணம். ஹனஃபி மத்ஹபின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 1252), ஈயக் குண்டுக்கு வெட்டுமுனை இல்லை, அது சூட்டாலும் மோதும் வேகத்தாலும் கொல்கின்றது என்றார்கள். மறுபுறம், மாலிகி மத்ஹபின் தர்தீர் (ரஹ்) அவர்களும் (வஃபாத் ஹிஜ்ரி 1201), யமன் நாட்டு ஷவ்கானீ (ரஹ்) அவர்களும் (வஃபாத் ஹிஜ்ரி 1250) குண்டு துளைத்துச் செல்வதால் அதன் வேட்டை ஆகுமென்றனர். நம் காலத்து அறிஞர் பலர் இக்கருத்தை ஏற்றுள்ளனர். ஹனஃபிகளிலும் சிலர், அக்காலத்து உருண்டை ஈயக் குண்டையும் இக்காலத்துக் கூர்முனைக் குண்டையும் வேறுபடுத்திப் பேசுகின்றனர்.

குண்டடிபட்ட விலங்கை நிலையான உயிரோடு எட்டிப்பிடித்துத் தக்பீர் சொல்லி அறுத்துவிட்டால் அது ஹலால் என்பதில் இவர்களுக்குள் பிணக்கில்லை.

தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளுமே. ஆகவே நம் இளைஞர் ஒருவர் இப்படி நினைக்கக்கூடும்: "பெரிய தோட்டாவால் அடித்தால் உடனே செத்துவிடும், என் மத்ஹபின்படி கறி ஆகாது. சிறிய தோட்டாவால் அடித்தால் விழுந்து துடித்துக்கொண்டிருக்கும், ஓடிப்போய் அறுத்துவிடலாம், ஹலால் ஆகிவிடும்."

கேட்பதற்கு இது பேணுதலாகத் தோன்றும். ஆயினும் உற்று நோக்குங்கள். விலங்கைக் கொல்லாமல் ஊனமாக்குவதையே இவர் நோக்கமாகக் கொள்கின்றார். அறுத்தல் என்னும் சட்டத்தின் உயிரே வேதனையைக் குறைத்தலாயிருக்க, அச்சட்டத்தை நிறைவேற்றுவதற்காக வேதனையை வேண்டுமென்றே உண்டாக்குகின்றார். ஒரு கடமையைக் கொண்டு இன்னொரு கடமையைக் கொல்கின்றார்.

மேற்சொன்ன இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களே இதை எண்ணிப் பார்த்திருக்கின்றார்கள். கைதேர்ந்த ஒருவர், பெரிய பறவையின் சிறகில் மட்டும் பட்டு அதைக் கிழிக்கும் என்று உறுதியாக அறிந்தால் ஆகலாம் என்று ஒரு சிறு வாசலைத் திறந்தார்கள். எவ்வளவு குறுகிய வாசல் பாருங்கள்! கைதேர்ந்தவர், உறுதியான அறிவு, சிறகு மட்டும். 250 கிலோ நீல்காய்க்குச் சிறகு இல்லை. அதை ஓடவிடாமல் உயிரோடு வீழ்த்தக் காலை ஒடிக்க வேண்டும். அல்லது முதுகெலும்பை முறிக்க வேண்டும். இரைப்பையில் பட்டால் எங்கோ ஓடி, அறுப்பதற்கும் அகப்படாமல் செத்து, இரக்கமும் போய்க் கறியும் போய்விடும். அந்த இமாமின் சொல்லிலிருந்து நாம் பெறும் பாடம், 'காயப்படுத்திப் பிடி' என்பதன்று, 'சுடாதே' என்பதே.

"அறுக்கும்போதும் வலிக்கத்தானே செய்கின்றது? நாலு நிமிடத்தில் என்ன வந்துவிட்டது?" என்று சிலர் கேட்கலாம். தவிர்க்க முடியாத வலி வேறு. நம் வசதிக்காக நாம் கூட்டிவைக்கும் வலி வேறு. முதலாவதற்கு அல்லாஹ் அனுமதி தந்திருக்கின்றான். இரண்டாவதற்கு நாம்தான் பதில் சொல்லவேண்டும்.

எனவே நாம் காணும் வழி இரண்டே. தம் மத்ஹபின் பழைய தீர்ப்பைப் பின்பற்றுபவர் துப்பாக்கி வேட்டையை விட்டுவிடட்டும். அறுத்த கறி கடையில் கிடைக்கும் ஊரில் அவருக்கு என்ன நிர்ப்பந்தம்? குண்டு ஆகுமென்ற தீர்ப்பைத் தகுந்த ஆலிமிடம் கேட்டு ஏற்பவரோ, அதன் நிபந்தனைகள் அனைத்தோடும் ஏற்கட்டும். போதுமான தோட்டாவை எடுக்கட்டும். கறிக்கு ஒரு மத்ஹபும் தோட்டாவுக்கு ஒரு தந்திரமும் ஆகாது.

நிபந்தனைகள் சில

விசையை இழுக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும். சுட்டபின் காலந்தாழ்த்தாமல் தேடிச் செல்ல வேண்டும். உயிரோடு கண்டால் அறுக்க வேண்டும். இங்கே பலர் தவறுகின்றனர். முதல் குண்டில் எழமுடியாமல் விழுந்துவிட்ட விலங்கு கைக்குள் வந்துவிட்டது. அதை இரண்டாம் குண்டால் முடிப்பது அறுப்பாகாது. அவ்வாறு செத்தது ஆகாது. துணைக்கு வரும் வழிகாட்டி வழக்கப்படி இரண்டாவது முறை சுட்டுவிடுவார். ஆகவே முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைப்பதும், தீட்டிய கத்தியை இடுப்பில் வைத்திருப்பதும் அவசியம். தண்ணீரில் விழுந்து கிடந்தால், எதனால் செத்தது என்ற ஐயம் வந்துவிடுவதால் விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. டெக்ஸாஸில் பல இடங்களில் உயரமான கம்பிவேலிக்குள் விலங்குகளை வளர்த்து, காசு வாங்கிக்கொண்டு சுடவிடுகின்றார்கள். வேட்டையின் சலுகை, கைக்கு எட்டாத விலங்குக்கே உரியது. ஓட்டமெடுத்த ஒட்டகத்தை ஒருவர் அம்பெய்து நிறுத்தியதை நபி (ஸல்) அவர்கள் ஏற்றது, அது பிடிபடாமல் ஓடியதால்தான். பல்லாயிரம் ஏக்கர் பண்ணையில் திரியும் நீல்காய் எட்டாததுதான். சிறிய அடைப்புக்குள் தீனிக்கு வந்து நிற்கும் மானோ எட்டியதே. அதற்குத் தோட்டா எதுவும் பொருந்தாது, கத்திதான் பொருந்தும்.

தலையைச் சுவரில் மாட்டுவதற்காகவே சுடுவதைப் பற்றி நாம் அதிகம் சொல்லவேண்டியதில்லை. உண்ணும் நோக்கமின்றிக் கொல்லப்பட்ட ஒரு சிட்டுக்குருவிக்காகவும் விசாரணை உண்டு என்று நஸாயீயில் வரும் அறிவிப்புகள் அஞ்சவைக்கின்றன. சிட்டுக்குருவிக்கே அப்படியென்றால், தன் விருப்பமின்றிக் கடல்கடத்திக் கொண்டுவரப்பட்ட அந்தப் பெரிய உயிருக்கு?

தாய்க்கு ஒரு சொல்

சகோதரிக்கு இதைச் சொல்கின்றோம். மகனுடைய நண்பர்கள் குண்டு ஆகுமென்ற தீர்ப்பின்படி நடப்பவர்களாயின், அவர்களை ஹராம் உண்பவர்கள் என்று ஏசவேண்டாம். இமாம்கள் கருத்து வேறுபட்ட இடம் அது. உங்கள் மனம் ஒப்பாவிட்டால் அன்போடு மறுத்துவிடுங்கள். ஐயமானதை விடுவது பேணுதல். பிறரை இழிப்பது பேணுதலாகாது. மகனிடம், "எந்தத் தோட்டா?" என்று கேட்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்கு முன்னே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: "இந்த உயிரை எடுக்க எனக்கு என்ன உரிமை, என்ன தேவை?" அதற்கு நேர்மையான பதில் கிடைத்த பின்னரே தோட்டாவின் கேள்வி வரட்டும்.

இஹ்ராமுடைய நிலையில் வேட்டை தடுக்கப்பட்டபோது, கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் விசுவாசிகளைச் சோதித்ததாகத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகின்றது. மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்பதை வெளிப்படுத்தவே அச்சோதனை. இன்றைய துப்பாக்கி அந்தத் தூரத்தை முந்நூறு மீட்டராக நீட்டிவிட்டது. சோதனையும் அவ்வளவு தூரம் நீண்டிருக்கின்றது. எவரும் காணாத புதர்க்காட்டில், தூரம் அதிகம், குறி உறுதியில்லை என்று உணர்ந்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிடும் ஒரு முஃமினை அவருடைய ரப்பு காண்கின்றான். அன்று அவர் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். ஆனால் அவருடைய ஏட்டில் அந்த நாள் வெறுமையாக இராது.

படைப்புகள் அனைத்தின் மீதும் இரக்கமுள்ளவர்களாக நம்மையும் நம் மக்களையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.